செவர்லே லாரியின் கேபினை என்ன செய்வது?

பழைய லாரியின் கேபின் துருப்பிடித்துவிட்டது, அதையே சரிசெய்வதா, வேறு கேபின் தேடி மாற்றுவதா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். கதவைத் திறந்து, அதன் வெளி முனையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தீர்களா? தூக்கும்போது கண் கதவின்மேல் இருக்கக் கூடாது. கீல் பொருத்தியிருக்கும் தூணைப் பார்க்க வேண்டும். தூண் அசையாமல் கதவு மட்டும் ஆடினால் கீலின் ஊசி தேய்ந்திருக்கிறது. அது சின்ன வேலை. தூணும் சேர்ந்து அசைந்தால் அதன் அடி அரித்துப் போயிருக்கிறது. பேச்சை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். தரையில் எத்தனை ஓட்டை, கூரையில் எத்தனை கொப்புளம் என்று எண்ணிக்கொண்டிருந்தால் ஒரு முடிவுக்கும் வர முடியாது.

பர்மாவின் மோல்மீன் ஊரில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்பது செவர்லே சி-15. இரண்டாம் உலகப் போருக்காகக் கனடாவில் செய்த இராணுவ லாரி. அந்தப் போரில் கனடா 8 லட்சத்துக்கும் மேற்பட்ட இராணுவ வாகனங்களைச் செய்தது. அவற்றில் ஏறக்குறைய பாதி, செவர்லேயும் ஃபோர்டும் ஒரே இராணுவ வடிவமைப்பில் செய்த இந்த லாரிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. செவர்லே ஒஷாவாவிலும் ஃபோர்டு வின்ட்சரிலும் தயாராயின. கேபின்களை 11, 12, 13 என்று எண் வைத்துப் பிரிப்பார்கள். எங்களுடையது 13. பார்த்த உடனே அடையாளம் தெரியும்: முகப்புக் கண்ணாடியின் மேல் விளிம்பு முன்னே துருத்தி நிற்க, கீழ் விளிம்பு உள்ளே அடங்கியிருக்கும். வெயில் பட்டுக் கண்ணாடி மின்னினால் மேலே பறக்கும் விமானத்துக்குக் காட்டிக் கொடுத்துவிடும் என்பதற்காக அப்படிச் சாய்த்தார்கள்.

கப்பலில் அதிக இடத்தை அடைக்கக் கூடாது என்று வண்டியின் மூக்கையும் குட்டையாக்கினார்கள். அதனால் என்ஜின் கேபினுக்குள்ளேயே வந்து, ஓட்டுநருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் நடுவில் ஒரு மூடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. இந்த ஒரு விஷயம் எங்கள் முன் இருந்த வழிகளில் ஒன்றை அடைத்துவிட்டது. ஜப்பானின் போர் இழப்பீட்டு உதவியோடு 1960களில் இந்த நாட்டிலேயே பூட்டப்பட்ட ஹினோ லாரிகளின் கேபின்கள் இன்றும் அங்கங்கே கிடைக்கின்றன. அதில் ஒன்றைத் தூக்கி வைத்துவிடுங்கள் என்று சொன்னவர்கள் பலர். ஹினோவின் மூக்கு நீளம், என்ஜின் கேபினுக்கு முன்னால். அதைச் செவர்லே சேசிஸில் உட்கார வைக்க வேண்டுமானால் என்ஜினை இடம் மாற்ற வேண்டும், ஸ்டியரிங்கை மாற்ற வேண்டும், பெடல்களை மாற்ற வேண்டும். எல்லாம் மாறிய பிறகு அந்த வண்டிக்கு சி-15 என்று எப்படிப் பெயர் சொல்வது?

போர் முடிந்து இங்கேயே தங்கிவிட்ட இந்த லாரிகளை நம் ஊர் ஆட்கள் விட்டுவிடவில்லை. பின்னால் மரத்தில் கூடு கட்டி, பலகை இருக்கை போட்டு, ரங்கூனில் பஸ்ஸாக ஓட்டினார்கள். ஐம்பது அறுபது ஆண்டுகள் ஓடின. 1962இல் இராணுவ ஆட்சி வந்த பிறகு வெளிநாட்டிலிருந்து வண்டி வருவது அபூர்வமாகிவிட்டது. இருப்பதைத் தட்டி, ஒட்டி, வேறு என்ஜின் போட்டு ஓட்டுவதைத் தவிர வழியில்லை. அந்தக் கட்டாயத்தில் வளர்ந்ததுதான் இங்குள்ள டிங்கரிங் கைவேலை. பிறகு 2011இல் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டியை ஒப்படைத்தால், அதற்குப் பதிலாக வெளிநாட்டிலிருந்து ஒரு கார் இறக்க அனுமதிச் சீட்டு. வண்டியின் விலையைவிடச் சீட்டின் விலை பல மடங்கு. யாரைக் குறை சொல்ல முடியும்? வரிசையில் நின்று கொடுத்தார்கள். சி-15கள் கூட்டம் கூட்டமாகப் பழைய இரும்பாகின. எங்கள் அப்பா கொடுக்கவில்லை. அதனால் வீட்டில் நடந்த சண்டையை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் இன்று மாற்றுக் கேபின் தேடிப் போகிறவர்கள் ஏன் வெறுங்கையோடு திரும்புகிறார்கள் என்பதற்கு அந்தத் திட்டம்தான் காரணம்.

அமெரிக்காவில் 1947 முதல் 1955 வரை வந்த செவர்லே பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. கேபின் மூலை, தரைத் தகடு, கதவடிப் பட்டை எல்லாவற்றையும் புதிதாக அழுத்தி எடுத்து விற்கிறார்கள். வாங்கி, வெட்டி, ஒட்டலாம். நமக்கு அப்படி இல்லை. இங்கே 'மாற்றுக் கேபின்' என்றால் எண்பது வயதான இன்னொரு கேபின். இதே மழையில் நனைந்தது, இதே வெயிலில் காய்ந்தது. ஒரு துருவைக் கொடுத்து இன்னொரு துருவை வாங்குகிறோம். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது என்பதே நான் சொல்ல வந்தது.

மழையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மோல்மீனில் ஆண்டுக்குச் சுமார் 4,800 மில்லிமீட்டர் மழை. ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதங்களில் மட்டும் தலா 1,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். இந்த ஈரமே போதும் ஒரு வண்டியைத் தின்பதற்கு. போதாததற்கு எங்கள் லாரி ரப்பர் ஷீட்டோடு உப்பும் ஏற்றியது. தன்பியூசயாட் பக்கத்துக் கடற்கரை உப்பளங்களிலிருந்து முடோன் வழியாக மோல்மீனுக்கு வரும் உப்பு. கோணியிலிருந்து கசியும் உப்புநீர் பலகை இடுக்கில் இறங்கி, கேபினின் பின்சுவரில் வழியும். வெறும் மழைநீரில் வந்த துருவைச் சுரண்டி எடுத்துவிடலாம். உப்பால் வந்த துரு வேறு. உப்பிலுள்ள குளோரைடு இரும்பின் நுண்ணிய குழிகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே பளபளவென்று தேய்த்து பெயின்ட் அடித்தாலும் உள்ளிருந்து வேலை செய்துகொண்டே இருக்கும், ஒரு மழைக்காலத்தில் பெயின்ட் கொப்புளித்து எழும். அதைக் கழுவித்தான் வெளியேற்ற வேண்டும். நல்ல தண்ணீரில், பிரஷ் போட்டு, திரும்பத் திரும்ப.

1970 டிசம்பரில் பர்மாவில் வண்டிகள் சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறின. இந்த லாரிகளின் ஸ்டியரிங் மட்டும் வலது பக்கமே இருந்துவிட்டது. அதனால் எங்கள் ஓட்டுநர்கள் காலமெல்லாம் சாலையோரச் சேற்றில்தான் இறங்கி ஏறினார்கள். ஈரக் காலோடு ஏறி ஏறி, ஓட்டுநர் பக்கத் தரை சல்லடையாகிவிட்டது. பார்க்கிறவர்கள் முதலில் உச்சுக்கொட்டுவது அந்த ஓட்டைகளைப் பார்த்துத்தான்.

அண்ணனுக்கும் அதுதான் கண்ணை உறுத்தியது. தட்டோனில் ஒருவரிடம் இன்னொரு 13ஆம் எண் கேபின் இருக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து அதை வாங்கிவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. டிங்கர் வேலைக்கு நாள் கூலி, நாள் ஏற ஏறச் செலவு ஏறும். கேபின் வாங்கினால் ஒரே விலை, ஒரே நாளில் மாற்றம். சேசிஸ் எண் வண்டியின் அடிச்சட்டத்தில்தான் இருக்கிறது, கேபினை மாற்றினால் பதிவுப் புத்தகத்துக்கும் ஒன்றும் ஆகாது. நான் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். அப்பாவின் தோழர், இரும்போடு பிறந்து வளர்ந்தவர். பட்டறையில் அவரிடம் வேலை கற்ற பர்மியப் பையன்கள் 'சயா', அதாவது வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

சித்தப்பா வந்ததும் ஓட்டைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது போனது போனதுதான். போகாதது எது என்று பார்ப்போம்" என்றார். உருண்டைத் தலைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகட்டில் சத்தம் கணீரென்று எழும்பியது. அரித்த இடத்தில் சத்தம் அமுங்கியது. அமுங்கிய இடங்களில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து அழுத்தினார். துணி சுற்றிய காந்தத்தைச் சுவரோடு நகர்த்தினார். பின்பக்கம் ஓரிடத்தில் காந்தம் வழுக்கி விழுந்தது. எந்தக் காலத்திலோ பூசிய பட்டி, உள்ளே தகடே இல்லை. அந்த இடத்தைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டார்.

பிறகு மவுண்டிங். கேபின் சேசிஸின்மேல் உட்காரும் இடங்கள். இடது பின் மவுண்டிங்குக்குக் கீழே ஜாக்கி வைத்து, நடுவில் ஒரு பலகைத் துண்டைக் கொடுத்து, போல்ட்டைக் கழற்றிவிட்டு, மெதுவாக ஏற்றச் சொன்னார். ஜாக்கி ஏறியது, கேபின் ஏறவில்லை. பலகை தரைத் தகட்டுக்குள் புகுந்தது. அப்பளம் நொறுங்குவதுபோல ஒரு சத்தம், பழுப்புச் செதில்கள் மண்ணில் உதிர்ந்தன. செத்துப்போன மவுண்டிங் அது. வலப்பக்கத்தில் அதே சோதனையைச் செய்தபோது கேபின் முழுதாக எழுந்தது. கூடவே கதவும், கதவின் இடைவெளி கொஞ்சமும் மாறாமல் எழுந்தது. சித்தப்பா அப்போதுதான் முதன்முதலாக முகம் மலர்ந்தார். "பாப்பா, டேப்பை எடு."

கதவு வாசலில் மேல் மூலையிலிருந்து எதிர்க் கீழ் மூலைக்கு ஓர் அளவு, மறுபடி மாற்றி ஓர் அளவு. இரண்டும் ஒன்றாக இருந்தால் சட்டம் கோணவில்லை. வலப்பக்கம் சரியாக இருந்தது. இடப்பக்கம் தூணின் அடி அரித்திருந்ததால் கொஞ்சம் இறங்கியிருந்தது. முகப்புக் கண்ணாடிச் சட்டம் இரண்டு பக்கமும் சரி. இந்த வண்டியின் கண்ணாடி வளைவில்லாத தட்டைக் கண்ணாடி, எந்தக் கண்ணாடிக் கடையிலும் வெட்டித் தருவார்கள். ஆனால் சட்டம் கோணியிருந்தால் குண்டும் குழியுமான சாலையில் இறங்கியதுமே விரிசல் விடும். ஆகவே கண்ணாடிச் சட்டத்தின் அளவு எனக்குத் தரை ஓட்டைகளைவிடப் பெரிய விஷயமாகத் தெரிந்தது.

அடுத்து தட்டோனுக்குப் போனோம். அந்தக் கேபினைப் பார்த்தால் யாரும் மயங்குவார்கள். புதுச் சாம்பல் நிற பெயின்ட், கூரையில் ஒரு பள்ளம் இல்லை, தரை முழுசு. அண்ணன் விலை பேசவே தொடங்கிவிட்டார். சித்தப்பா பின்னால் போய் நின்றார். பின்சுவர் இல்லை. பஸ்ஸாக மாற்றும்போது ஓட்டுநருக்கும் பயணிகளுக்கும் நடுவே இருந்த சுவரை வெட்டி எடுத்துவிட்டு, கூரையை மரக்கூட்டோடு சேர்த்திருக்கிறார்கள். அந்த மரக்கூடு இருந்தவரை கேபினைப் பிடித்து நிறுத்தியது. மரம் போன பிறகு தாங்க ஒன்றுமில்லை. கதவு வாசல்களை அளந்தோம். இரண்டு பக்கமும் ஒரே திசையில் சாய்ந்திருந்தன. கண்ணாடிச் சட்டமும் கூடவே சாய்ந்திருந்தது. தகடெல்லாம் நல்ல தகடு, வடிவம் மட்டும் தொலைந்துவிட்டது.

"என்ன சித்தப்பா, நிமிர்த்த முடியாதா?" என்று அண்ணன் கேட்டார்.

"முடியும் தம்பி. எதைப் பார்த்து நிமிர்த்துவது? சரியான மூலை ஒன்றாவது இருக்க வேண்டாமா?"

எனக்கு எல்லாம் தெளிவானது அந்தக் கேள்வியில்தான். எங்கள் கேபின் பார்க்கச் சகிக்காது. ஆனால் வலது தூண், கண்ணாடிச் சட்டம், பின்சுவரின் மேல்பாதி, வலது மவுண்டிங் எல்லாம் 1940களில் தொழிற்சாலை கொடுத்த இடத்திலேயே நிற்கின்றன. கெட்டுப்போன இடது பக்கத்தை அந்த வலது பக்கத்தின் அளவை வைத்தே திரும்பக் கட்டலாம். தட்டோன் கேபினில் அந்த ஆதாரம் இல்லை. அதை முழுசாக வாங்கி வைத்தால் கதவு சரியாக மூடாது, கண்ணாடி நிற்காது, அதன் காரணத்தை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டே காலம் போகும். அண்ணன் அதன்பின் வாதிடவில்லை. அந்தக் கேபினை முழு விலைக்கு வாங்காமல் உதிரிக்கு விலை பேசி எடுத்தோம். அதன் இடது தூணின் அடிப்பகுதியும் தரையும் எங்களுக்கு வேண்டும்.

இதை எல்லா வண்டிக்குமான தீர்ப்பாக நான் சொல்லவில்லை. இரண்டு பக்கத் தூண்களும் அடியோடு போய், என்ஜின் பக்கத் தகடும் அரித்து, மவுண்டிங் எதுவும் தேறாது என்றால், பழைய தோலுக்குள் புதுக் கேபின் ஒன்றைக் கட்டுகிற வேலையாகிவிடும். அப்போது கோணாத இன்னொரு கேபின் கிடைத்தால் தயங்காமல் மாற்றிவிட வேண்டும். அப்படி மாற்றுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேபினுக்குள் இருக்கும் தகவல் தகட்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். இது எந்த வகை, எந்தத் தொழிற்சாலை என்று சொல்லும் சாட்சி அது. பழைய இரும்போடு போய்விட்டால் திரும்பக் கிடைக்காது.

வேலையைத் தொடங்கியபோது சித்தப்பா வெட்டுவதற்கு முன்பே வெல்டிங் செய்தார். பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பையனுக்கு அது புரியவில்லை. கதவு வாசலின் குறுக்கேயும், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கும் ஆங்கிள் இரும்பைப் பற்றவைத்து, கேபின் அசையாதபடி கட்டிப்போட்டார். அதற்குப் பிறகுதான் அரித்த தரையை வெட்டினார். இந்தக் கட்டு இல்லாமல் தரையை எடுத்தால், நன்றாக இருக்கும் கேபினும் மறுநாளே தட்டோன் கேபினாகிவிடும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். உள் எலும்பு முதலில், வெளித் தகடு பிறகு. தூணைப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து நிறுத்தியதும் கதவை மாட்டி, மூடித் திறந்து, இடைவெளியைப் பார்த்து, அதன்பிறகே முழுதாகப் பற்றவைத்தார்.

தகட்டின் கனத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். கடையில் கேட்டால் மெல்லிய தகட்டைத்தான் முதலில் நீட்டுவார்கள். 18 கேஜ், அதாவது 1.2 மில்லிமீட்டர் கேட்டு வாங்க வேண்டும். துத்தநாகம் பூசிய தகடு துருப்பிடிக்காதே என்று ஆசைப்படலாம். பற்றவைக்கும்போது எழும் அதன் புகை நெஞ்சுக்குக் கெடுதல், பற்றும் சரியாகப் பிடிக்காது. இங்கே பழைய ஆட்கள் 200 லிட்டர் எண்ணெய் டிரம்மை வெட்டி விரித்துத் தகடாக்குவார்கள். கனம் நன்றாகவே இருக்கும். ஆனால் எரிபொருள் இருந்த டிரம்மை அப்படியே வெட்டுவது உயிரோடு விளையாடுவது. உள்ளே தங்கியிருக்கும் ஆவி வெடிக்கும். அப்படிப்பட்ட டிரம்மில் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

எங்கள் வேலை பெரும்பாலும் கேஸ் வெல்டிங்கில் நடந்தது. மின்சாரம் எப்போது வரும் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊரில் அதுதான் கைகொடுக்கிறது. கேஸில் சூடு அதிகம் பரவும், மெல்லிய தகடு நெளியும். அதனால் கொஞ்சம் பற்றவைத்து, அந்த இடம் ஆறும்வரை வேறு மூலைக்குப் போய், திரும்பி வர வேண்டும். கேஸில் பற்றவைத்த இணைப்பு மிருதுவானது, சுத்தியலுக்கு வளைந்து கொடுக்கும், தட்டித் தட்டிச் சமமாக்கலாம். தகட்டின்மேல் தகடு வைத்து ஒட்டுவதைச் சித்தப்பா அனுமதிக்கவே இல்லை. இரண்டு தகட்டுக்கும் நடுவில் ஈரம் தங்கும். துரு தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும், உப்பி இணைப்பையே பிளந்துவிடும். எவ்வளவு நேரமானாலும் விளிம்போடு விளிம்பு சேர்த்துத்தான் பற்றவைப்பார்.

இந்த மாதிரிக் கை இன்னும் எத்தனை காலம் இந்த ஊரில் இருக்கும் என்ற கவலை எனக்கு உண்டு. சித்தப்பாவின் மகன்கள் தாய்லாந்தில். பட்டறையில் பழகிய பையன்களும் ஒவ்வொருவராக அதே வழியில் போகிறார்கள். வண்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தகட்டைப் பத்து ஆண்டு கழித்தும் வாங்கலாம்.

இந்த வேலைக்கு நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் காலம். மழைக்காலத்தில் தேய்த்து வெளுத்த இரும்பு மறுநாள் காலையில் செம்மை பூத்து நிற்கும். பின்சுவரை உப்பு போகக் கழுவி, வெயிலில் காய வைத்து, சூடு ஆறுவதற்குள் எபாக்ஸி பிரைமர் அடித்தோம். கழுவ முடியாத இடுக்குகளில் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றியைத் தடவினோம். அது மிஞ்சிய துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றிவிடும், கறுப்பாகும். ஓட்டை விழுந்த இடத்துக்கு அது மருந்தாகாது. தூணின் உட்குழிவில் மெழுகுக் கலவையை ஊற்றினோம். அடியில் தண்ணீர் வடியும் துளைகளைக் கம்பி விட்டுத் திறந்து வைத்திருக்கிறோம். தொழிற்சாலை வைத்த அந்தத் துளைகள் பெயின்ட்டிலும் சேற்றிலும் அடைபட்டதால்தான் இடது தூண் போனது.

கேபின் இப்போது சேசிஸின்மேல் ஏறிவிட்டது. இடது கதவு ஒரு விரலால் தள்ளினால் மூடுகிறது. ஓட்டுநர் பக்கத்துக்கு ரப்பர் விரிப்பு போட வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன், அதன் அடியில் ஈரம் தங்கும். மரத்தட்டி போதும், நனைந்தால் எடுத்து வெயிலில் வைத்துவிடலாம். கண்ணாடி இனிமேல்தான் வெட்ட வேண்டும். தட்டோன் கேபினில் நாங்கள் எடுத்தது போக, கூரையும் இரண்டு கதவுகளும் வலது தூணும் நல்ல நிலையில் மிச்சம் இருக்கின்றன. விற்பதாக இல்லை. மூலை கோணாத 13ஆம் எண் கேபினை வைத்துக்கொண்டு கூரைக்காகவோ கதவுக்காகவோ தவிக்கிறவர்கள் யாராவது இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளட்டும்.